விளக்குமேட்டின் அடிமரம்

ஏரித் தண்ணீர் நாளுக்கு ஒரு சாண் இறங்கிக்கொண்டிருந்தது. மாதையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதகுக்குப் போனால் திறந்த ஷட்டரில் தண்ணீர் சோவென்று ஓடுவதைப் பார்த்து நிற்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. மறுபடி கரைக்கே வந்தார்.

ஏரி நடுவே விளக்குமேடு என்கிற திட்டு, அதன்மேல் மூன்று ஆள் உயரத்தில் செங்கல் விளக்குக் கோபுரம். வெள்ளைக்காரன் காலத்தில், சந்தை முடித்து இருட்டில் பரிசலேறிய சித்தேரி மலைக்காரர்கள் பாறையில் மோதிச் சாகாமல் இருக்கக் கட்டியது. ரோடு வந்த பிறகு விளக்கேற்ற ஆளில்லை. கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதைக் காப்பாற்றத்தான் ஏரியை வடிக்கிறார்களாம். அடியைத் தோண்டிக் கான்கிரீட் போடுவார்களாம். காப்பாற்றுகிறேன் என்று எவன் வந்தாலும் இருப்பதும் போகும் என்பது மாதையனின் கணக்கு. இந்த முறை அது வெறும் சந்தேகம் இல்லை.

புளியமரத்தடியில் இன்ஜினியர் சந்திரமோகன் வரைபடம் விரித்திருந்தார். மாதையன் எதிரில் போய் நின்றார்.

"தண்ணிய நிறுத்துங்க."

"ஏன் பெரியவரே, உங்க வயலு முழுவுதா?"

"என் வயலு மேட்டுல கெடக்குது. கோபுரம் வுழுந்துரும். அடியில நாவல் மரம் போட்டிருக்குது. ஈரத்துல இருக்கற மட்டும் கல்லாட்டம் கெடக்கும். காஞ்சா வெடிச்சுரும்."

"பாறை மேல கட்டுனதுன்னு பழைய ரிப்போர்ட் சொல்லுதே. நீங்க மரத்தப் பாத்தீங்களா?"

மாதையன் திட்டைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருசமாகப் பொண்டாட்டியிடம்கூடச் சொல்லாதது. ஆனால் திட்டின் அடிச்சேறு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

"பாக்கறதென்ன, ஒண்ண உருவுனவனே நான்தான்," என்றார். "பஞ்சத்துல ஏரி பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. மாட்டுக்கு ஊத்து தோண்டப் போனோம், நானும் மச்சான் முருகேசும். திட்டோரம் ஆழத்துல, ஈரச்சேத்துல கட்டை தட்டுச்சு. பொதஞ்ச மரம்னு நெனச்சு ஏர்மாடு பூட்டி இழுத்துட்டம். அடுத்த மழைக்குக் கோபுரம் சாஞ்சுது. ஊரே இடி வுழுந்ததுன்னுச்சு. நான் வாயத் தொறக்கல. மச்சானும் போய்ச் சேந்துட்டான்."

"மரம் எங்க?"

"எங்க வூட்டு வாசல்ல நெலவா நிக்குது."

"அப்ப பெரியவரு கோபுரத்துலதான் குடியிருக்காரு," என்றான் கூலியாள் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

வீட்டு வாசலில் பொண்டாட்டி குள்ளம்மாள் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். சந்திரமோகன் கதவு நிலையைக் கத்தியால் சுரண்டினார். மஞ்சளுக்குக் கீழே கருப்பு மரம். நெடுக வெடிப்பு, விரல் நுழைகிற அகலம்.

"எப்ப வெடிச்சுது?"

"அறுத்து நட்ட பத்தாம் நாளு," என்றார் மாதையன்.

அவர் போனை எடுத்தார். "ஷட்டரை எறக்கு. இப்பவே." பிறகு மாதையனைப் பார்த்தார். "இத எழுதியாவணும். உங்க பேரோட."

"கேசு வருமா?"

"தெரியலீங்க."

வராது என்று சொல்லியிருந்தால் மாதையன் நம்பியிருக்க மாட்டார். "எழுதிக்குங்க," என்றார்.

விஷயம் புரிந்த குள்ளம்மாள் தக்காளியைக் கூடையில் போட்டாள். "திருட்டு மரத்துக்கா நாப்பது வருசமா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம மஞ்சப் பூசுனன்?"

மாதையன் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார்.

"கையெழுத்து போடணுமுங்க, எங்க போறீங்க?" என்றார் இன்ஜினியர்.

"மதகுக்கு. போன்ல சொன்னா தண்ணி நின்னுருமா?"