முன்மொழிவு 88-க்கு கோரின் என்ன போட்டாள்

1

ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்த கதை இது.

"சட்டம் வேணுமா வேணாமான்னு ஜனங்ககிட்ட போய்க் கேக்கவே கூடாதுங்க. அவங்க படிக்கவா போறாங்க?"

பல்கலைக்கழக விருந்து ஒன்றில், கையில் ஒயின் கோப்பையோடு ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அவர் சொன்ன அந்த 'ஜனங்க' என் வீட்டுச் சமையலறையில் இருப்பவர்கள். பதில் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு வாயால் பதில் சொல்லி முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி, முதல் முயற்சி: 'அமெரிக்காவின் கிழக்கு ஒரிகானில், மலைகள் வெள்ளை போர்த்தத் தொடங்கிய ஓர் அக்டோபர் மாதத்தில்' (வேண்டாம். இது நாட்காட்டிப் படம்.)

இரண்டாம் முயற்சி: 'கோரின் ஹாடிக்ஸ் சட்டத்தை வரிவரியாகப் படித்துத் தேர்ந்தவள், அவள் பேசினால் பேராசிரியர்களே' (பொய். ஒயின் கோப்பைக்காரரைக் குத்துவதற்காக ஒரு பொம்மை செய்கிறேன். அடித்தாயிற்று.)

மூன்றாம் முயற்சி: 'கோரின் கையெழுத்துப் போட்டாள்.'

இது இருக்கட்டும்.

2

கோரின் கையெழுத்துப் போட்டாள். வசந்தகாலத்தில், மளிகைக் கடை வாசலில், வண்டி நிறையச் சாமானோடு நின்றபோது. புதுச் சட்டம் ஒன்றுக்குக் கையெழுத்துத் திரட்டும் அட்டையை நீட்டிய இளைஞன் கேட்டான்: "பிரசவ வார்டுல ஒரு நர்சுக்கு ரெண்டு தாய்க்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் வரணுமா, வேணாமா?"

உள்ளூர் மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஒற்றை ஆளாக ஐந்து பேரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸான அவளிடம் போய் இப்படிக் கேட்டால்? பேனாவைப் பிடுங்காத குறைதான். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் முழுச் சட்டமும் இருந்தது. ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பாதிச் சட்டங்கள் உருகும் ஐஸ்கிரீமின் தயவில்தான் வாக்குச்சீட்டுக்கு வந்து சேர்கின்றன.

போதிய கையெழுத்துகள் சேர்ந்து, அக்டோபரில் அது மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முன்மொழிவு 88 ஆனது. பெயர்: 'பாதுகாப்பான பிரசவச் சட்டம்'. கோரின் தன் வீட்டு வாசலில் '88-க்கு ஆம்' என்று போர்டு நட்டாள்.

(இந்த முன்மொழிவை எழுதியது நான்தான், எந்தத் தேர்தலிலும் தேடாதீர்கள். எழுதும்போது ஒன்று புரிந்தது. பெயரைத்தான் முதலில் வைத்தேன், அதுவும் யாராலும் எதிர்க்க முடியாத பெயராக. கசப்பானதை எல்லாம் நாலாவது பிரிவுக்குத் தள்ளினேன். அதற்கு ஒரு பிற்பகல்கூடத் தேவைப்படவில்லை.)

3

வாக்குச்சீட்டு தபாலில் வந்ததும் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சமையல் மேசையில் எல்லோரும் உட்கார்ந்து, முன்மொழிவுகள் அச்சான வாக்காளர் கையேட்டைப் பிரிப்பார்கள். ஒரு முன்மொழிவுக்கு ஆதரவாகவோ எதிராகவோ யார் அதிகம் கத்துகிறார்களோ, அவர்தான் மறுபக்கத்துக்காக வாதாட வேண்டும். தப்பிக்க வழியில்லை.

அன்று மூன்று பேர். கோரின்; ஜனவரியில் பிரசவத்துக்கு நாள் குறித்த அவள் தங்கை மார்னி; குளிர்காலத்தில் மலைக் கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் மார்னியின் கணவன் வேட். அவன் வேட்டையாடிய மானின் கறியில் செய்த சில்லிக் குழம்பு நடுவில் ஆவி பறக்க இருந்தது.

"எண்பத்தெட்டு. எதிர்க்கட்சி யாரு?" என்றான் வேட். "வாசல்ல போர்டு நட்டவங்கதானே? எழுந்திரிங்க மதினி."

"அஞ்சு பேர ஒத்தையில பாக்குறவ மாப்ள நான். எதிர்த்துப் பேச எனக்கு எப்படி வாய் வரும்?"

"வரும், வரும். போன தடவ வேட்டைத் தடைச் சட்டத்துக்கு ஆதரவா என்னைப் பேச வச்சீங்கல்ல? ஒரு வாரம் என் துப்பாக்கி எங்கூடப் பேசல."

மார்னி வீங்கிய கால்களை இன்னொரு நாற்காலியில் தூக்கிப் போட்டாள். "சீக்கிரம் படிக்கா. உள்ள ஒருத்தன் உதைக்கிறான், அவனுக்கும் பொறுமை இல்ல."

கோரின் வேண்டாவெறுப்பாக, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் படித்தாள். நாலாவது பிரிவில் குரல் நின்றது.

"என்ன மதினி, கண்ணாடி வேணுமா?"

மறுபடி படித்தாள், இந்த முறை மெதுவாக: "இந்த எண்ணிக்கையில் நர்ஸ் இல்லாத வார்டு, அதை எட்டும்வரை புதிய தாய்மார்களைச் சேர்க்கக் கூடாது. சிறிய மருத்துவமனைகள் விலக்குக் கோரி மாநிலச் சுகாதாரத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். டிசம்பரில் அமலுக்கு வரும்."

மார்னி காலைக் கீழே இறக்கினாள். "நம்ம வார்டுல ராத்திரிக்கு யாரு?"

"நான்தான்."

"வேற?"

"நான்தான்டி."

"அப்ப வார்டு சாத்திருவாங்க. எனக்கு ஜனவரி."

வேட் கரண்டியை வைத்தான். "அடுத்த ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம்."

"நீ தள்ளிக்கிட்டே முன்னால போ, நாங்க பின்னாலயே வந்துடுறோம்."

"விளையாடாத மார்னி. நானே வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்திருக்கிற நாளெல்லாம் உண்டு."

"அதுக்காக? இப்படியே கிடக்கட்டுங்கிறீங்களா?" கோரின் குரல் உயர்ந்தது, எதிர்க்கட்சி வேலை மறந்துபோயிற்று. "ஆகஸ்ட்ல ஒரு பொண்ணுக்கு ரத்தம் போய்க்கிட்டே இருந்துச்சு. நான் பக்கத்து ரூம்ல வேற ஒருத்தி கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பாத்தப்ப உதடு வெளுத்திருச்சு. பொழச்சா, சரி. அடுத்தவ பொழைப்பாளா? அந்த அடுத்தவ நீயா இருந்தா?"

சட்டம் வந்தால் வார்டு இருக்காது. வராவிட்டால் வார்டு இருக்கும், அதில் கோரின் தனியாக இருப்பாள். இரண்டு பக்கமும் படுத்திருப்பது மார்னிதான்.

4

இந்த இடத்தில் எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். எழுதிப் பார்த்துக் கைவிட்ட முடிவுகள்:

88 ஜெயிக்கிறது. டிசம்பரில் பேருந்து நிறைய நர்ஸுகள் வந்து இறங்குகிறார்கள். (எங்கிருந்து? இப்போதே ஆள் கிடைக்காமல்தானே கோரின் தனியாக நிற்கிறாள்?)

88 ஜெயிக்கிறது. வார்டு மூடுகிறது. கணவாயில் பனிப்புயல், வண்டிக்குள் மார்னி, வேட் நடுங்கும் கைகளால்... (நிறுத்து. பிள்ளைத்தாய்ச்சியைப் பனியில் போட்டு வாசகரை மிரட்டுவது தேர்தல் விளம்பரக்காரர்களின் தொழில். எனக்கு எதற்கு?)

88 தோற்கிறது. ஜனவரியில் கோரின் தன் தங்கையின் கையைப் பிடித்திருக்கிறாள். பக்கத்து அறையில் வேறொருத்தி... (இந்த வரியை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

ஒயின் கோப்பைக்காரர் இங்கே குறுக்கிட்டு, "பாத்தியா, சிக்கல். இதுக்குத்தான் வல்லுநர்கள் வேணும்" என்பார். சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிக்கலைக் கண்டுபிடித்தது யார் ஐயா? சில்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த மூன்று பேர்தானே?

5

வேட்தான் கேட்டான். "விலக்குக் கேக்கலாம்னு போட்டிருக்கே. நம்ம ஆஸ்பத்திரி கேக்குமா?"

யாருக்கும் தெரியவில்லை. அதை முடிவு செய்யும் மருத்துவமனை வாரியத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே வாக்காளர்கள்தான். அதன் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை நூலக அறையில் நடக்கும். கதவு திறந்தே இருக்கும். உள்ளே பொதுமக்கள் நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.

அந்தச் செவ்வாயன்று மூன்று நாற்காலிகள் நிரம்பின.

"பாஸானா விலக்கு விஷயத்த அப்புறம் பாத்துக்கலாம்மா," என்றார் வாரியத் தலைவர். நல்ல மனிதர், நாற்காலியில் அமர்ந்தவருக்குத் தூக்கம் வரும்படி பேசுவார்.

மார்னி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து முடிக்கச் சற்று நேரமாயிற்று, அறையே காத்திருந்தது. "பாஸானப்புறம் உங்களுக்கு டைம் இருக்கு சார். எனக்கு இல்ல."

விண்ணப்பத்தை இப்போதே எழுதி வைப்பது, 88 ஜெயித்தால் மறுநாளே அனுப்புவது என்று வாரியம் முடிவெடுத்தது.

"தோத்தா?" என்றாள் கோரின். "தோத்தாலும் ராத்திரிக்கு ரெண்டாவது நர்ஸ் போடுவீங்களா?"

தலைவர் அடுத்த பொருளைத் தேடிக் காகிதம் புரட்டினார். ஓர் உறுப்பினர் மட்டும், "அடுத்த கூட்டத்துல நான் தீர்மானம் கொண்டுவர்றேன். நீங்க வரணும்" என்றார்.

"ஊரையே கூட்டிட்டு வர்றோம்," என்றான் வேட்.

(அந்தத் தீர்மானத்தையும் இங்கேயே நிறைவேற்றிவிட விரல் துடித்தது. கதை என்னுடையது, யார் கேட்கப்போகிறார்கள்? செய்யவில்லை. மாநிலம் விலக்கு தராமல் போகலாம். வாரியம் சொல் தவறலாம். இந்த இரண்டு 'லாம்'களையும் வைத்துக்கொண்டுதான் அவள் வாக்களித்தாக வேண்டும்.)

6

வியாழக்கிழமை, வேலைக்குக் கிளம்புமுன், கோரின் அதே மேசையில் கருப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். கையேட்டின் நாலாவது பிரிவு திறந்து கிடந்தது. மார்னி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா போடப் போற?"

"போடி அந்தப் பக்கம்."

"உன் மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என் மேல எதுக்குடி சத்தியம் பண்ற? உன் மேல பண்ணிக்கோ." சிரித்துக்கொண்டே இடக்கையைக் குவித்துச் சீட்டை மறைத்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். எழுதுகிறவளுக்குப் பாத்திரங்களின் மனசுக்குள் போய்வர உரிமை உண்டு என்பார்கள். அவளுடைய ஆகஸ்ட் மாதத்துக்குள்ளேயே போய்வந்தவள் நான். ஆனால் அந்தக் கை எனக்கும் சேர்த்துத்தான் குவிந்திருந்தது. நெடுநேரம் யோசித்தாள். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு வட்டங்களில் ஒன்றை நிரப்பினாள். உறையில் போட்டு ஒட்டி, உறையின் மேல் கையெழுத்திட்டாள்.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. உங்களிடம் சட்டத்தின் பெயர் இருக்கிறது, நாலாவது பிரிவு இருக்கிறது, கணவாயும் வார்டும் இருக்கின்றன. ஒருமுறை படித்தது போதும் என்று தோன்றினால் இன்னொரு முறை படியுங்கள். பிடித்த பக்கம் எதுவோ, அதற்கு எதிராக முதலில் வாதாடுங்கள். பிறகு வட்டத்தை நிரப்புங்கள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.