ஐஸ் பெட்டியில் வந்த டப்பா

"ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க டாக்டர். நாளைக்கே கீமோ ஆரம்பிக்கணும்!" மதுரைப் புற்றுநோய் மருத்துவர் போனில் அவசரப்படுத்தினார்.

ஜெயஷீலா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தூத்துக்குடியில் அவள் நடத்தும் லேபுக்குத் திருச்செந்தூரிலிருந்து வந்த சதைத் துணுக்கு அது. செல்வராணியின் மார்புக் கட்டி. ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் இல்லை. ஹெர்-2 புரதமும் இல்லை. மூன்றுமே இல்லாத முரட்டு வகை என்றுதான் எழுத வேண்டும்.

ஆனால் ஓரத்தில் கிடந்த நல்ல பால்குழாய்கள் உறுத்தின. ஹார்மோன் ஏற்பியைக் காட்டும் சாயம் அவற்றில் ஏறியே ஆக வேண்டும். துளிகூட ஏறவில்லை. நல்ல சதையிலேயே ஏறாத சாயத்தை நம்பி, கட்டியில் இல்லை என்று எப்படி எழுதுவது?

"டெஸ்ட்டே சரியில்ல சார். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஒரு வாரம் போயிடுமே!"

"போகட்டும் சார். தப்பான ரிப்போர்ட் போக வேண்டாம்."

போனை வைத்துவிட்டு, வெளியே காத்திருந்த தம்பதியை அழைத்தாள். செல்வராணியின் கணவர் காசிலிங்கம் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனிக்காரர்.

"அண்ணாச்சி, சதை இருந்த டப்பாவ எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"அதுல குறையே வைக்கல டாக்டரம்மா. ஞாயித்துக்கிழம லேப் லீவுன்னாவ. கெட்டுரக்கூடாதுல்லா? சீலா மீனு கணக்கா உப்பும் ஐஸும் போட்டு அமுக்கி வச்சிட்டம்லா!" அவர் முகத்தில் அப்படியொரு பெருமிதம்.

ஜெயஷீலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "டப்பாக்குள்ள இருந்த ஃபார்மலின் தண்ணிதான் சதையைக் காக்கும் அண்ணாச்சி. குளிர்ல அது சரியா வேலை செய்யாது. அப்புறம் சாயமும் ஏறாது."

காசிலிங்கத்தின் முகம் வாடிவிட்டது.

"இவரு கைல எதக் குடுத்தாலும் ஐஸுதான் டாக்டர். என்னய வைக்காம விட்டாரே!" என்றாள் செல்வராணி. "சதை எடுக்க இன்னொரு ஊசிதான? குத்தட்டும்."

திருச்செந்தூரில் எடுத்த மறு துணுக்கைக் காசிலிங்கம் மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டு வந்தார். வெயில் படாமல் துண்டால் மூடியிருந்தார். ஐஸ் பக்கமே போகவில்லை.

இந்த முறை பால்குழாய்களில் சாயம் பளிச்சென்று ஏறியிருந்தது. கட்டியில் அது ஏறவில்லை; ஆனால் கட்டியின் செல்களைச் சுற்றி ஹெர்-2 தடித்த பழுப்பு வளையமாக நின்றது.

"இதுவும் முரட்டு வகைதான். ஆனா இதுக்குன்னே மருந்து இருக்கு. கீமோவோட சேர்த்துக் குடுப்பாங்க" என்று தம்பதியிடம் சொன்னாள் ஜெயஷீலா.

மதுரைக்காரர் போனில் விவரத்தைக் கேட்டுக்கொண்டார். "நீங்க அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, "நல்லவேளை" என்று முடித்தார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்திட்டாள். வாசலில் காசிலிங்கம் யாரிடமோ போனில் முழங்கிக்கொண்டிருந்தார்: "நம்ம டாக்டரம்மா மதுரைக்காரரையே நிப்பாட்டிட்டாவல்லா!"

"நீங்க ஐஸ் வச்சதயும் சேத்துச் சொல்லுங்க" என்றாள் செல்வராணி.