கடைத்தெருவுக்குக் கீழே ஒரு சுவர்

கடைத்தெருவுக்கு நேர் கீழே, அறுபது அடி ஆழத்தில், ஒரு சுவர் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். நீர்வள அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், சன்னல் திறக்காத அறையில், ஒன்பது மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தாள்.

ஊரில் போட்ட போர்வெல்களில் பதிவுத்தாள் கிடைத்த நூற்றுப்பன்னிரண்டையும் வரைபட மென்பொருளில் ஏற்றினாள். எத்தனை அடியில் மண், எத்தனை அடியில் களிமண், எங்கே மணல், எங்கே பாறை. துளைக்கும் துளைக்கும் இடையில் இருப்பதை மென்பொருள் கணக்கிட்டு நிரப்பியது. ஊரின் அடிவயிறு மெல்லத் திரையில் எழுந்தது. களிமண் பழுப்பு. தண்ணீர் தங்கும் மணல் நீலம். கடைத்தெருவுக்குத் தெற்கே மணல் அறுபது அடியில் தொடங்கி எண்பதில் முடிந்தது. வடக்கே அதே அறுபதிலிருந்து எண்பது வரை களிமண். மணல் அதற்கும் கீழே. தெற்கு மணலின் முகத்துக்கு நேராக வடக்குக் களிமண் நின்றது. களிமண் தண்ணீரை விடாது. ஆக, சுவர்.

அந்தச் சுவரை நம்பித்தான் ஊர்க் குடிநீருக்காகத் தெற்கில் நான்கு பெரிய கிணறுகள் போடக் கமிட்டி முடிவெடுத்தது. எவ்வளவு இறைத்தாலும் வடக்கே முன்னூற்று அறுபது வீடுகளின் போர்வெல்லில் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்காது என்றது அறிக்கை. கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து. துளையிடும் வண்டி திங்கட்கிழமை வருகிறது.

புதன்கிழமை காலை கயிறு உள்ளே வந்தார். கிணறு கிணறாகப் போய்க் கயிறு இறக்கி நீர்மட்டம் அளப்பவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

“மேடம், உங்க சுவத்துல ஓட்டை இருக்கு.”

“என்னண்ணே, காலங்காத்தால?”

“தெக்கே சோதனைக்கு ரெண்டு நாள் மோட்டார் ஓட்டினாங்கல்ல? வடக்கே பள்ளிக்கூடத்து போர்ல ஒன்றரை அடி இறங்கியிருக்கு.”

“பள்ளிக்கூடத்துலயே மோட்டார் போட்டிருப்பாங்க.”

“லீவு. கேட்டுல பூட்டு தொங்குது. இந்த வயசுல ஏறிக் குதிச்சு அளந்துட்டு வரேன், பேன்ட்டு கிழிஞ்சதுதான் மிச்சம். மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் ஒன்றரை.”

அவர் போனபின் அவள் படத்தை மேலிருந்து பார்த்தாள். ஒன்பது மாதமும் அதைப் பக்கவாட்டில்தான் பார்த்திருந்தாள். மேலிருந்து பார்த்தால் சுவர் கடைத்தெருவோடு ஓடியது. வங்கி முனையில் தெரு திரும்பியது. சுவரும் திரும்பியது. மருந்துக்கடை அருகே தெரு வளைந்தது. சுவரும் வளைந்தது.

தெரு போட்டவர்களுக்குக் களிமண்ணைத் தெரியாது. களிமண்ணுக்கும் தெருவைத் தெரியாது.

யார் போட்ட துளை என்பதை வைத்துப் புள்ளிகளுக்கு நிறம் கொடுத்தாள். தெற்கே ஐந்து நிறம். வடக்கே நாற்பத்தொரு புள்ளி, ஒரே நிறம். அவளுடைய சித்தப்பா போட்டவை.

அவர் தாள்களில் அடிக்கணக்கு கிடையாது. ராடு கணக்கு. மூன்று ராடு மண், நான்கு ராடு வரை களிமண், அப்புறம் மணல். துளையில் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் இரும்புத் தண்டு ஒவ்வொன்றும் இருபது அடி. எல்லாப் போர்வெல்காரர்களிடமும் அப்படித்தான். அவளே இருபதால் பெருக்கி ஏற்றினாள். மற்றவர்களின் தாளில் ஒரு புள்ளி அழிந்திருந்தாலும் ஃபோன் போட்டுக் குடைந்தெடுத்தாள். சித்தப்பாவிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. வீட்டு மனிதரிடம் போய் என்ன விசாரணை?

சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனாள். சித்தி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாம்மா. வழி மறக்கலையே?” சித்தி போர்வெல் வண்டிக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொன்னாள். “வெளியே வாங்க. ஆபீசரம்மா வந்திருக்காங்க.”

கால்கள் நகர்ந்தன. முகத்தில் கிரீஸோடு சித்தப்பா வந்தார்.

“சித்தப்பா, உங்க ராடு எத்தனை அடி?”

“பதினஞ்சு.”

அவள் வண்டியில் அடுக்கியிருந்த ராடுகளைத் திரும்பிப் பார்த்தாள். “எல்லார்கிட்டயும் இருபதுதானே?”

“எல்லாரும் அகலமான ரோட்டுல போடுறாங்க. வடக்குச் சந்துல இருபதடி ராடு ஏத்துன வண்டி திரும்புமா? ரெண்டு பால்கனியைப் பேத்துட்டுத்தான் திரும்பும். அதான் அறுத்துப் பதினஞ்சாக்கினேன். அங்க எனக்கு மட்டும் வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு நினைச்சே, அழகுக்கா?”

“அழகுன்னு யாரும் சொல்லல” என்றாள் சித்தி.

“தாள்ல எழுதலையே, சித்தப்பா.”

“நீ கேக்கலையே.”

அவள் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். அடுக்கியிருந்த ராடுகளை ஒவ்வொன்றாக அளந்தாள்.

“என்ன, நம்பிக்கை இல்லையா?”

“ஒரு தடவை நம்பிட்டேன்” என்றாள்.

பதினொரு ராடு. எல்லாம் பதினைந்து.

அலுவலகத்தில் நாற்பத்தொரு தாளையும் மறுபடி ஏற்றினாள். மென்பொருள் கணக்கிட நான்கு நிமிடம் ஆனது. வடக்குப் பழுப்பு மேலே ஏறியது. அதன் கீழிருந்த நீலமும் ஏறி, தெற்கு நீலத்தோடு ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவுக்கு அடியில் ஒன்றுமில்லை. மணல் ஒரே பாய்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு பொறியாளரின் அறைக்குப் போனாள். ராடு கதை முழுவதையும் அவர் நிற்க வைத்தே கேட்டார்.

“அப்ப, நாலு கிணறும் இறைக்க ஆரம்பிச்சா?”

“ரெண்டு கோடை சார். அப்புறம் வடக்கே மோட்டார் போட்டா காத்துதான் வரும்.”

“கமிட்டிக்கு நான் என்ன சொல்றது? அந்தம்மாவோட சித்தப்பா ராடை அறுத்துட்டாருன்னா?”

“நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க.”

“சொன்னா உங்க வேலை என்னாகும் தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ரெண்டும் நீங்க போட்டதுதான். ரெண்டுலயும் உங்க கையெழுத்து. நான் எதை நம்பட்டும்?”

“ரெண்டையும் நம்பாதீங்க. திங்கட்கிழமை வண்டி வருதில்ல? முதல் துளையை வடக்கே, பஸ் ஸ்டாண்ட் ஓரமாப் போடுங்க. அங்க பெரிய வண்டி நிக்கும். எண்பதடி வரைக்கும் மணலே வரலேன்னா பழைய படம் சரி. அறுபதை ஒட்டி வந்தா புதுசு சரி.”

“எண்பது வரைக்கும் வரலேன்னா?”

“நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்.”

அவர் இரண்டு படங்களையும் மடித்து வைத்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

திங்கட்கிழமை வண்டி வந்ததும் அவள் அதன் ராடுகளை அளந்தாள். இருபது அடி. வண்டியோட்டி சிரித்தார். “எதுக்கு மேடம் அளவெடுக்கறீங்க? சட்டை தைக்கவா?”

இரண்டு ராடு முழுக்க மண்ணே வந்தது. மூன்றாவது இறங்கும்போது, நாற்பத்தாறு அடியில், பழுப்புக் களிமண் வந்தது. பழைய படத்தில் அது அறுபதில்தான் தொடங்க வேண்டும்.

“களிமண்ணு அங்கங்க முன்னப்பின்ன வரும்” என்றார் பொறியாளர்.

“வரும்” என்றாள் அவள்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபதில் களிமண். அறுபத்தொன்றிலும் களிமண். கயிறு அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபத்திரண்டில் எந்திரத்தின் சத்தம் மாறியது. குழம்பாக வந்த சேறு வெளுத்தது. அவள் குனிந்து ஒரு கை அள்ளினாள். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது. கையில் நின்றது மணல்.

பொறியாளரும் அள்ளிப் பார்த்தார். விரலால் தேய்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

“நாலும் நிறுத்தம்” என்றார் கடைசியில். “முன்னூத்தறுபது வீடு தப்பிச்சுது. சரி. ஊருக்குத் தண்ணி? அதை எங்கேர்ந்து எடுக்கறது?”

“இப்ப தெரியாது சார். மத்த எழுபத்தொரு தாளையும் யார் யார் எழுதினாங்களோ அவங்க வீட்டுக்கே போய்ப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் படம்.”

“பத்து நாள்ல முடிங்க.”

“முடியாது சார். இருபது.”

தப்புச் செய்தவள் பேரம் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த மணலை உதறினார். கமிட்டித் தலைவரிடம் என்ன சொல்வது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“இருபத்தொண்ணாவது நாள் படம் என் மேசையில இருக்கணும்.”

“இருக்கும்.”

கயிறு பைக்கை உதைத்துக் கிளப்பியிருந்தார். “முதல்ல யார் வீடு, மேடம்?”

அவள் பட்டியலைப் பிரித்துக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.