டாக்டரின் இடுப்பளவு

மருத்துவமனையின் உடுப்புத் தையல் அறையில் பதினோரு வருஷமாகக் கத்திரி பிடித்தவள் அவள். காதுக்குள் யார் யாரோ பேசிக்கொண்டிருந்த தொல்லை, மாத்திரை போட்ட இரண்டாம் மாதமே ஓய்ந்தது. உடம்புதான் ஓயவில்லை. ஏழு மாதத்தில் பதினாறு கிலோ ஏறிவிட்டது. சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் வயிறு மறுபடி கூப்பாடு போட்டது. தன் உடுப்புகளின் தையலை எல்லாம் பிரித்துவிட்டாள். இனிப் பிரிக்கத் துணி மிச்சமில்லை.

உள்ளே பேசியவர்கள் அடங்கியதும் வெளியே இருப்பவர்கள் ஆரம்பித்தார்கள். லிப்ட்காரர் முக்காலியை விட்டு எழாமலே, தினமும் படியேறச் சொன்னார். அண்ணி பிரெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"மனசு வச்சா முடியாததா?"

"அந்த மனசுக்குத்தானே அண்ணி மாத்திரையே போடறேன்!"

மனநல டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "குரல் கேக்குதா?"

"இல்ல டாக்டர். ஆனா எடை..."

"கேக்கலைல்ல? சந்தோஷப்படுங்க. கொஞ்சம் வாயைக் கட்டுங்க."

மூலையில் இருந்த எடை மெஷின் மேல் பழைய ஃபைல்கள் குவிந்திருந்தன.

ஆத்திரத்தில் அவளாகவே மாத்திரையை நிறுத்தினாள். ஐந்தாம் நாள் துணி வெட்டும்போது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் அவளைக் கேலி செய்தது. திரும்பினால் யாருமில்லை. கத்திரி கோணிக்கொண்டு போனது. அன்றே மாத்திரையை மறுபடி விழுங்கினாள்.

அடுத்த வாரம் டாக்டர்களுக்குப் புதுக் கோட்டு. அளவு கொடுக்க வந்த அதே டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்சை விடுங்க டாக்டர். கோட்டு போட்டப்புறமும் விடணுமில்ல?"

விட்டார். அளவு நாடாவை அவர் இடுப்பில் சுற்றி, நோட்டைப் பார்த்துச் சத்தமாகவே படித்தாள். "போன தடவை முப்பத்தாறு. இப்ப நாப்பது."

"உக்கார்ந்தே பாக்கற வேலைம்மா. நேரத்துக்குச் சாப்பாடு இல்ல. எங்க குடும்பத்துக்கே உடம்பு வாகு இப்படித்தான்..."

நோட்டிலிருந்து நிமிராமல் சொன்னாள்: "கொஞ்சம் வாயைக் கட்டுங்க."

வரிசையில் நின்ற நர்ஸ் இருமுவதுபோல் சிரித்தாள். டாக்டரின் காது சிவந்தது.

"நானும் குறைச்சுத்தான் திங்கறேன், நடக்கறேன். இந்தப் பசி என்னோடது இல்ல டாக்டர், மாத்திரையோடது. நாலு நாள் நிறுத்திப் பாத்தேன். குரல் திரும்பிடுச்சு."

நாடாவோடு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இத ஏம்மா முன்னாடியே..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு வாங்க. இனிமே நீங்களா நிறுத்தாதீங்க."

மறுநாள் எடை மெஷின் மேல் ஃபைல்கள் இல்லை. எடை, இடுப்பு, ரத்தச் சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். சர்க்கரை எல்லையில் நின்றது. பழைய மாத்திரையை மெல்லக் குறைத்து, பசியை அவ்வளவாகத் தூண்டாத வேறொன்றைக் கொடுத்தார். வாரா வாரம் வரச் சொன்னார். அந்த நாட்களில் கதவு கிறீச்சிட்டால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் குரல்கள் வரவில்லை.

மூன்றாம் மாதம் எடை ஏறுவது நின்றது. ஆறாம் மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. மீதிப் பதினொன்று கிளம்பும் உத்தேசத்தில் இல்லை. அவள் அடர் நீலத்தில் துணி வாங்கினாள்.

"இன்னும் இளைச்சப்புறம் தைக்கலாமே?" என்றாள் அண்ணி.

"அதுவரைக்கும் எதைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறது?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடி முன் நின்று நாடாவைத் தளரப் பிடித்துத் தனக்கு அளவெடுத்தாள்.