கப்டன் சாகாத அத்தியாயம்

“கிட்டத்துல எடுத்த போட்டோ ஒன்னு காட்டுங்க மிஸ். ரொம்பப் பழசு வேணாம். முகத்தைப் பார்த்துத்தான் செய்யணும்” என்று கையுறையைக் கழற்றாமலே கேட்டான் சவங்களுக்கு ஒப்பனை செய்யும் கிளெமென்ற். மலர்ச்சாலையின் பின்னறை வாசலில் நின்றபடி தாரிகா தொலைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டு போனாள். அவனுக்குப் பின்னால், எஃகு மேசையில், கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தியபடி அவளுடைய அப்பா நமசிவாயம் கிடந்தார். அன்று காலைதான் இறந்திருந்தார்.

ஒரு படமும் தோதாக இல்லை. ஒன்றில் கறுப்புக் கண்ணாடி. ஒன்றில் யாருடையதோ கல்யாணத்தில் வாய் நிறையச் சோறு. மற்றவையெல்லாம் கடந்த இரண்டு நாட்களில் அவள் முகநூலிலிருந்து எடுத்துச் சேமித்தவை. அவற்றில் அப்பா வெள்ளி நிற விண்வெளி உடையில் இருந்தார். வாயில் பாதி பிஸ்கட். மேலே ஆளுக்கொரு நக்கல்: ‘பூமி அழிஞ்சா என்ன, ரீ குடிக்கிறது முக்கியம்.’ ‘ஒட்சிசன் முடிஞ்சுதாம், பிஸ்கட் முடியேல்லையாம்.’ சிங்களத்தில் ஒருவன், மாமா எனக்கும் ஒன்று தாருங்கள் என்று கேட்டிருந்தான். அவற்றைச் சேமிக்க வைத்தது, எழுதியவர்களின் பெயர்களை மறந்துவிடக் கூடாது என்ற ஒரு ஆங்காரம், அவ்வளவுதான்.

எழுத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெருப்பித்துக் காட்டினாள். கிளெமென்ற் குனிந்து பார்த்தான். உடனே முகம் மலர்ந்துவிட்டது.

“அட, இவரு நம்ம பிஸ்கட் கப்டன் தானே? கொட்டாஞ்சேனையில எங்க வீட்டுப் புள்ளைங்க ரெண்டு நாளா இதையேதான் சொல்லிட்டுத் திரியுதுங்க. ‘நிறைமதி இருக்க நேரமிருக்கு!’”

அப்பாவின் குரலிலேயே நீட்டி முழக்கிச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் திரும்பி மேசையைப் பார்த்தான்.

“மன்னிச்சுக்கங்க மிஸ்.”

“தலைமயிரை வலப்பக்கமா இழுத்துவிடுங்கோ” என்றாள் தாரிகா.

நமசிவாயம் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அது சம்பளத்துக்கு. உயிரை வைத்திருந்தது நாடகத்தில். மேடையிலும் வானொலியிலும் வாழ்நாள் முழுக்க நடித்தார். ஓலை கொண்டுவருகிற தூதன், வாயில்காப்போன், முதல் வைத்தியர் கைவிட்ட பிறகு வருகிற இரண்டாவது வைத்தியர். வயது போன காலத்தில்தான் ‘செவ்வாய் வாசல்’ என்ற விஞ்ஞானத் தொடர் அவரைத் தேடி வந்தது. இரத்மலானையில் மூடிக்கிடந்த ஒரு தையல் தொழிற்சாலைக்குள் தகரத்தையும் வெள்ளிக் கடதாசியையும் ஒட்டி ஒரு விண்கப்பல் கட்டியிருந்தார்கள். அந்தக் கப்பலுக்கு அப்பா கப்டன்.

தாரிகா கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்தாள். விற்கவேண்டிய பொருளைக் கதைக்குள் எப்படி நுழைப்பது என்பதுதான் அவளுடைய பிழைப்பு. ஆகையால் அந்த அத்தியாயத்தைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது வெறும் எரிச்சல் அல்ல, தொழில் தெரிந்தவளின் இளக்காரம். பிஸ்கட்டைக் கதைக்குள் மறைக்கச் சொன்னால், கதையை எடுத்துப் பிஸ்கட் பக்கற்றுக்குள் அடைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பா அயர்ன் பண்ணிய சேர்ட் போட்டுக்கொண்டு, தன்னைத் தானே பார்ப்பதற்காகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். வெள்ளவத்தை வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கும் லுத்பியா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். திரையில் கப்பலுக்கு ஒட்சிசன் தீர்ந்துகொண்டிருந்தது. காயப்பட்ட கப்டன் கதவில் சாய்ந்து கிடந்தார். சாகப்போகிற மனுசன் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு ‘நிறைமதி’ பிஸ்கட் பக்கற்றை எடுத்தார். பெயர் கமராவுக்குத் தெரியும்படி அதைத் திருப்பினார். ஒன்றைக் கடித்தார். இசை எழும்பியது. “நிறைமதி இருக்க நேரமிருக்கு!” என்று முழங்கிவிட்டுத் துள்ளி எழும்பி நின்றார். விளம்பரம் வந்தது. விளம்பரத்திலும் அதே பிஸ்கட்தான். அது முடிந்து கதை தொடங்கியபோது கப்பலில் கப்டன் இல்லை. எங்கே போனார் என்று கப்பலில் ஒருவரும் கேட்கவுமில்லை. வேறொருவன் அவருடைய ஆசனத்தில் இருந்து கட்டளை போட்டுக்கொண்டிருந்தான்.

“இனித்தான் நான் சாகிற இடம் வரும்” என்றார் அப்பா, முன்னால் சரிந்து.

வரவில்லை. பெயர்கள் ஓடி முடிந்தன.

“நல்லா நடிச்சீங்க சேர்” என்றாள் லுத்பியா. “அந்த பிஸ்கட் எந்தக் கடையில இருக்கி? இதுகள் இனி அதைக் கேட்டு உசிரெடுக்கும்.”

அம்மா ஜெகதீஸ்வரி தொலைக்காட்சியை நிற்பாட்டினாள். “வெள்ளிப் பேப்பரைச் சுத்திக்கொண்டு அத்தனை நாள் நிண்ட மனுசனுக்கு ஒரு சாவுகூடக் குடுக்கேல்லையே.”

“எடிற்றிங்கில வெட்டியிருப்பாங்கள்” என்று சொல்லிக்கொண்டு அப்பா எழும்பிப் போய் சேர்ட்டை மாற்றினார்.

மறுநாள் முழுக்கச் சனம் சிரித்தது. ‘கப்டன் எங்கேப்பா?’ ‘பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிட்டார்.’ அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றும் விடாமல் வாசித்தார். பகல் சோற்றுக்குக் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. “உதுகளை வாசியாதேங்கோப்பா, வேலைவெட்டி இல்லாததுகள்” என்று தாரிகா வேலை செய்யும் கந்தோரிலிருந்து தொலைபேசியில் கத்தினாள். “ஆக்கள் பாத்திருக்கினம் பிள்ளை” என்றார் அவர். செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே போய்விட்டார்.

சிரித்தே கொன்றுபோட்டார்கள் என்று தாரிகா முடிவு கட்டினாள். மத்தியானத்துக்குள் சேதி பரவிவிட்டது. நக்கலடித்த அதே ஆட்கள் இப்போது கைகூப்பும் படங்களைப் போட்டார்கள். அதற்குக் கீழேயே ‘பிஸ்கட் சாப்பிட்ட கப்டன் உண்மையாவே செத்திட்டாராம்’ என்று இன்னொரு கூட்டம் பல்லைக் காட்டியது. இந்தச் சனத்தின் வாயில் அப்பாவை இனியும் அகப்பட விடக்கூடாது என்று நினைத்துத்தான் அவள் மரண அறிவித்தலை எழுதினாள். துறைமுகத்தின் இளைப்பாறிய எழுதுவினைஞர், ஜெகதீஸ்வரியின் அன்புக் கணவர், தாரிகாவின் பாசமிகு தந்தை. கத்தரித்துவிட்ட மாதிரி, அவ்வளவுதான். நாடகம் என்ற சொல்லே அதில் இல்லை.

புதன்கிழமை மலர்ச்சாலை மண்டபத்தில் சனம் வந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் பெட்டியை ஒரு தரம் சுற்றினார்கள், கும்பிட்டார்கள், பிளாஸ்ரிக் கதிரைகளில் போய் இருந்து காதோடு காதாகக் கதைத்தார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று தாரிகாவுக்குக் கிட்டப் போகாமலே தெரிந்தது. கிருலப்பனைச் சித்தி அவளுடைய கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே கேட்டாள்:

“ஏன் பிள்ளை, அந்தப் பிஸ்கட்டில ஏதும் பிழை இருந்திருக்குமோ? பேஸ்புக்கில போட்டிருக்கினம்.”

“நெஞ்சு வருத்தம் சித்தி. எத்தினை வருசமாக் குளுசை போட்டவர், உங்களுக்குத் தெரியாதோ?”

“அது தெரியும். எண்டாலும்...” சித்தியின் முகத்தில் துக்கத்தை விட ஏமாற்றம்தான் கூடத் தெரிந்தது.

சவம் எடுக்கச் சற்று முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். கறுப்பு ரீசேர்ட் போட்ட தாடிக்காரன் உமாசுதன், தொடரின் இயக்குநர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தவர் பிஸ்கட் கம்பனியின் விற்பனை மனேஜர் யோகராஜ். வெறுங்கையோடு வந்திருந்தார்கள். மலர்வளையத்தில் கம்பனியின் பெயரைப் போடுவதா விடுவதா என்று மேலிடத்தில் முடிவாகவில்லையாக்கும் என்று தாரிகா நினைத்துக்கொண்டாள்.

உமாசுதன் வாயைத் திறக்குமுன் அவளே தொடங்கினாள். “நல்லாச் சிரிக்க வைச்சியள் தம்பி. திங்கக்கிழமை முழுக்க அவர் அதைத்தான் இருந்து வாசிச்சவர். அடுத்த நாள் ஆள் இல்லை.”

அவன் தலை குனிந்தான். யோகராஜ்தான் முன்னால் வந்தார்.

“மிஸ், இந்த நேரத்துல சொல்லக் கூடாது. ஆனா எங்க நிலைமையையும் கொஞ்சம் யோசிங்க. நம்ம பிஸ்கட்டைச் சாப்பிட்டவர் பிறகு சாகுறதைக் காட்டக் கூடாதுன்னுதான் அந்த சாவு சீனையே தூக்கச் சொன்னோம். சாப்பிட்டா எழும்பணும், சாகக் கூடாது. இப்போ பார்த்தா...” அவர் பெட்டிப் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டினார். “கண்டவனும் கண்டபடி எழுதுறான்.”

“அதுக்கு நான் என்ன செய்யோணும்?”

“ஒன்னுமே செய்ய வேணாம் மிஸ்! உங்க அறிவித்தலைப் பார்த்தோம். அவ்வளவு டீசன்ட்டா இருக்கு. நாடகம், கப்டன் ஒன்னுமே இல்ல. அதை அப்படியே விட்டுருங்கன்னு கேட்கத்தான் வந்தோம். எங்க எம்.டி.யே உங்களுக்கு தேங்ஸ் சொல்லச் சொன்னாரு.”

தாரிகாவிடம் இவருக்கென்றே வைத்திருந்த சொற்கள் நிறைய இருந்தன. முந்தின நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தீட்டி வைத்தவை. அப்பாவைக் காப்பாற்ற எழுதிய அறிவித்தல் இவர்களுக்கே வசதியாகிப்போன பிறகு அவை ஒன்றும் உதவவில்லை. யோகராஜ் நன்றி நிறைந்த முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே கந்தோரில் வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரியான பார்வை அது.

அவள் தொலைபேசியை எடுத்தாள். அறிவித்தலைத் திறந்து, எழுதுவினைஞர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தட்டத் தொடங்கினாள். அவசரத்தில் எழுத்துகள் பிழைத்தன. அழித்து மறுபடி தட்டினாள். முடித்ததும் யோகராஜின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

‘வானொலி, மேடை நாடகக் கலைஞரும், செவ்வாய் வாசல் தொடரின் கப்டனுமான’ என்று அதில் இருந்தது.

“இப்ப டீசன்ட்டா இருக்கோ?”

“மிஸ், இது பிறகு பெரிய பிரச்சினையாகும்...”

“கும்பிட்டிட்டுப் போங்கோ.”

அவர் பெட்டிக்கு முன்னால் போய், கழுத்துப்பட்டி உள்ளே விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். பிறகு தொலைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். உமாசுதன் போகவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“தம்பி, இவர் சாகிறதை எடுத்தனீங்களோ, இல்லாட்டி இவர் சும்மா சொன்னவரோ?”

“எடுத்தனாங்கள் அன்ரி. அங்கிள்தான் திருப்பித் திருப்பி எடுக்கச் சொன்னவர். ஒவ்வொருக்காலும், ‘தம்பி, இன்னும் கொஞ்சம் நல்லாச் சாகலாம்’ எண்டு.” அவன் தாரிகாவையும் ஒரு தரம் பார்த்தான். “திங்கக்கிழமை பின்னேரம் கோல் எடுத்தவர் அக்கா. ‘சனமெல்லாம் கப்டன் எங்க, கப்டன் எங்க எண்டு கேட்டுக்கொண்டு நிக்குது. அந்தச் சாகிற துண்டைப் போட்டுவிடும், பாவங்கள், விளங்கிக்கொள்ளட்டும்’ எண்டவர்.”

“கவலையாக் கதைச்சவரோ?”

“இல்லை அக்கா. நல்ல சந்தோசமா. ‘இவ்வளவு பேர் என்னை ஒருநாளும் பாத்ததில்லை’ எண்டு சொன்னவர்.”

தாரிகாவின் கையிலிருந்த தொலைபேசியின் திரை அணைந்து போயிருந்தது.

“அதைக் காட்டும் பாப்பம்” என்றாள் அம்மா, கதிரையை விட்டு எழும்பி.

உமாசுதன் தேடி எடுத்தான். பெட்டி விளிம்புக்குப் பக்கத்தில், அம்மாவின் கண்ணுக்கு நேராகத் தொலைபேசியைப் பிடித்தான். அப்பா கதவில் சாய்ந்து கிடந்தார். பிஸ்கட் இல்லை. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பூமியைப் பற்றி, பூமியின் மழையைப் பற்றி, நீளமாகப் பேசினார். குரல் வேண்டுமென்றே நடுங்கியது. கண்கள் மேலே செருகின. தலை சாய்ந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் தலையை மறுபடி நிமிர்த்தி இன்னொரு வசனம் சொன்னார். அதற்குப் பிறகும் ஒன்று. அவருக்கு யாரும் அதுவரை இவ்வளவு வசனம் கொடுத்ததில்லை. தாரிகாவின் தொழில் கண்ணுக்கு அதில் ஒரு கணம்கூட உண்மையாகத் தெரியவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

குரல் கேட்டுச் சித்தி எழும்பி வந்தாள். அவளுக்குப் பின்னால் லுத்பியா. பிறகு ஒருவர், இருவர். கதிரைகள் தரையில் உரசின. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைகளை நெருக்கி, அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கப்டன் ஒருவழியாகக் கையைக் கீழே விட்டார். உடை சரசரத்தது. திரை கறுத்தது.

“நேத்து இவ்வளவு நேரம் எடுக்கேல்லை” என்றாள் அம்மா.

அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

“பிளேன்ரீ கேட்டவர். சீனிப் போத்தலை எடுக்கத் திரும்பினனான். அவ்வளவுதான்.”

வெளியே சவ வண்டியைப் பின்பக்கமாக எடுக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் ஐயரைக் கூப்பிடப் போனார்.

“இன்னொருக்காப் போடும் தம்பி” என்றாள் அம்மா.

தாரிகா ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துவந்து அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் வைத்தாள். அம்மா இருக்கவில்லை. இரண்டு கைகளையும் சேலைக்குள் பொத்திக்கொண்டு, நின்றபடியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.