ஷோகேஸில் இரண்டு பேர்

கல்லூரியில் சேர்ந்த புதிதில் எனக்குப் பிடிபடாத ஒரே விஷயம் 'ஃப்ரீ ஹவர்'தான். டீச்சர் வரவில்லை, பாடம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீடுகளில் சும்மா உட்கார்ந்திருந்த ஓர் ஆளை நான் கண்டதில்லை. அப்பா நல்லான், கந்தவேல் முதலாளியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா அதே கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். இருவருக்கும் தினமும் ஒன்றரை ஷிப்ட். எங்கள் லைனில் காய்ச்சலில் படுத்தவர்கள்கூட வெங்காயம் உரித்துக்கொண்டுதான் படுத்திருப்பார்கள்.

அந்தச் சும்மா நேரத்தை என்ன செய்வது என்று எனக்குக் காட்டியவள் அமராவதி. கந்தவேல் முதலாளியின் ஒரே மகள்; கம்பெனியில் எல்லாருக்கும் 'அம்மிணி'. வசதிக்கு அவள் கோயமுத்தூரில் படித்திருக்கலாம். பெண்ணை ஊர் தாண்டி அனுப்ப முதலாளிக்கு மனமில்லை. ஊரில் பெண்களுக்கென்று இருந்த ஒரே கல்லூரியில் அவளும் நானும் 92இல் ஒரே பி.காம். வகுப்பில் வந்து விழுந்தோம்.

முதல் நாள் வருகைப் பதிவேட்டில் 'தெய்வாத்தாள்' என்று என் பெயரைப் படித்ததும் பின் பெஞ்சில் கொல்லென்று சிரித்தார்கள். அமராவதிதான் திரும்பி முறைத்தாள்.

"எதுக்கு இப்ப இளிப்பு? தெய்வான்னு கூப்புட்டாப் போச்சு" என்றாள்.

அன்றிலிருந்து கல்லூரி முழுக்க நான் தெய்வா. என் அப்பா யார் என்று சொன்னபோது, "அட, நம்ம நல்லான் பொண்ணா நீயி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் அப்பாவைவிட என் அப்பா வயதில் மூத்தவர். அது சுருக்கென்று பட்டது. ஆனாலும் அவள் கை என் தோளில் இருந்ததே, அதனால் விட்டுவிட்டேன்.

மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். அவளை அழைத்துப்போக நான்கு மணிக்குத்தான் கம்பெனி வேன் வரும். ஸ்பெஷல் கிளாஸ் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். நானும் என் வீட்டில் அதையே சொன்னேன். அந்த இடைவெளி முழுக்க எங்களுடையது. பேக்கரியில் ஒரு பப்ஸை இரண்டாகப் பிய்த்துத் தின்போம். ரயில்வே பாலத்தில் நின்று கீழே போகிற ரயிலில் யார் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்ப்போம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரிப்போம். என் டப்பாவில் இருக்கும் புளிச்சோற்றை அவள் வழித்துத் தின்பாள். அவள் டப்பாவில் இருக்கும் முட்டையை என் பக்கம் தள்ளுவாள். பதினேழு வயது வரைக்கும் சிநேகிதம் என்பது சாணி தட்டும்போதும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதும் பேசிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். வேலையே இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்திருக்கலாம் என்பது எனக்குப் புது சமாச்சாரம்.

ஒரு வெள்ளிக்கிழமை அமராவதி பையிலிருந்து இரண்டு டி-சர்ட்டை எடுத்துக் காட்டினாள். நெஞ்சில் பெரிய சூரியகாந்திப் பூ. ஜெர்மனிக்காரன் ஆர்டருக்காகத் தைத்துப் பார்த்த சாம்பிள்.

"சாம்பிள் ரூமுல இருந்தாடி எடுத்தே?" என்றேன். அந்த அறைச் சாவி முதலாளி வீட்டு பீரோவில் இருக்கும். கட்டிங் மாஸ்டரானாலும் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கித்தான் திறக்க வேண்டும்.

"நாம போட்டா எப்படி இருக்கும்னு பாக்க வேண்டாமா? ஜெர்மனிக்காரி மட்டுந்தான் போடணுமா? வாடி, போட்டோ எடுத்துக்கலாம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். மறைப்புத் துணிக்குப் பின்னால் தாவணியை அவிழ்த்து டி-சர்ட்டை மாட்டிக்கொண்டோம். கீழே பாவாடை. போட்டோக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "இடுப்புக்கு மேல எடுத்தரலாமுங்க. கீழ பாவாடைன்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். பின்னால் பனிமலை வரைந்த திரை. அவள் என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தோம். அதற்கு முன்னால் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதற்குப் பின்னாலும் இல்லை.

போட்டோ நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் நன்றாக வந்த படத்தைப் பெரிதாகப் போட்டு வாசல் ஷோகேஸில் வைப்பார்கள். மணமக்கள், மொட்டையடித்த குழந்தை, பட்டம் வாங்கினவர் என்று. அவர்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் சூரியகாந்திப் பூவோடு இளித்துக்கொண்டிருந்தோம். பிரதி வாங்கப் போனபோது பார்த்தோம். எடுக்கச் சொல்லலாம் என்றேன். அமராவதி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும்டி. சினிமாக்காரியாட்ட இருக்கறோம்."

எனக்கும் ஆசைதான். விட்டுவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கின கம்பெனி ஆட்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில்தான் இருப்பார்கள். வேறு ஊராக இருந்தால் எங்கள் முகத்தைப் பார்த்திருப்பார்கள். திருப்பூர்க்காரர்கள் முதலில் சட்டையைத்தான் பார்த்தார்கள். துணி எத்தனை கனம், கழுத்துப்பட்டி எப்படி, பிரிண்ட் யார் போட்டது என்று கண்ணாடிக்கு வெளியே நின்று அலசியிருக்கிறார்கள். நல்லூர்ப் பக்கம் கம்பெனி வைத்திருந்த ஒருவர் கந்தவேல் முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார்: "ஏனுங்க, உங்க சாம்பிளு ரோட்டுல தொங்குதுங்களே, பாத்தீங்களா?"

முதலாளி பதறிப்போனார். ஜெர்மனிக்காரன் டிசைனை எவனோ திருடிவிட்டான் என்று மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போனார். திருடனைப் பிடிக்கப் போனவர், கண்ணாடிக்குள்ளே மகளைப் பார்த்தார். மேனேஜர் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் நின்ற அவர் கம்பெனி டெய்லர்கள் நாலைந்து பேரும் பார்த்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். திங்கட்கிழமை அப்பா பொழுதோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் மைசூர்பாகு பொட்டலம்.

"ஏனுங்கப்பா, நேரத்துலயே வந்துட்டீங்க?" என்றேன்.

"உக்காரு கண்ணு" என்றார். "மொதலாளி கூப்புட்டுருந்தாரு. அந்தப் போட்டோ விசயம்."

"அந்தச் சட்டைய நான் எடுக்கலீங்கப்பா. அமராவதிதான் கொண்டாந்தா."

"தெரியும் கண்ணு. சாவி அவிய ஊட்டுலதான இருக்குது."

"அப்பறம்?"

"நீதான் கொண்டாந்து குடுத்தேன்னு அம்மிணி சொல்லிப்போட்டாங்களாமா. மொதலாளி என்னையப் பாத்து, 'ஏப்பா நல்லா, நீயா எடுத்துட்டுப் போனே'ன்னாரு. ஆமாங்கன்னுட்டேன்."

இருபது வருடம் அந்தக் கம்பெனியில் ஒரு துண்டுத் துணி எடுத்தறியாத மனிதர். திருடினேன் என்று ஒத்துக்கொண்டு மைசூர்பாகு வாங்கி வந்திருக்கிறார்.

"ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? உங்க பொண்ணு பொய் சொல்லுதுங்கன்னு அவரு மூஞ்சிக்கு நேராவா சொல்றது? அவருக்குந் தெரியும் கண்ணு. சாவி எங்கிருக்குதுன்னு அவருக்குத் தெரியாதா?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஒரு வார்த்த வையல. போவுது உடுன்னுட்டாரு. ரெண்டும் ஒண்ணாச் சேந்தா கெட்டுப்போகும், உம்புள்ளைய இனி அந்தக் காலேஜுக்கு அனுப்பாதே, நம்ம ஆபீஸ்லயே வந்து உக்காரட்டும்னாரு. ஆபீஸு கண்ணு! மேசை, நாற்காலி, மேல பேன் ஓடுது."

அம்மா சுப்பாத்தாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப்போட்டாள். பக்கத்து வீட்டு மாரக்காள் வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். லைன் முழுக்க மைசூர்பாகு போயிற்று. நான் படிப்பை இழந்தேன் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அழுதேன்; சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள். அவர்களையெல்லாம் ஒரு அறை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கல்லூரிக்குப் போனேன். அமராவதி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நம்பினேன். சட்டையை எடுத்தது தான்தான் என்று அவள் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டால், என்னை நிறுத்தக் காரணமே இல்லையே. ஃப்ரீ ஹவரில் புங்கமரத்தடியில் அவளைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கப்பா என்னையக் கொன்னுபோடுவாருடி. படிப்ப நிறுத்திக் கல்யாணம் பண்ணி வெச்சுருவாரு."

"என்னைய இப்ப நிறுத்திட்டாங்களே."

"உனக்குத்தான் வேலை குடுத்துட்டாருல்ல? உங்கப்பனையும் ஒண்ணும் சொல்லலீல்ல?"

"எனக்கு வேலை வேண்டாம், அமராவதி. நான் படிக்கோணும். ஒரே ஒரு வார்த்த சொல்லு."

"அவரு முன்னால எனக்கு வாயே வராதுடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே வெறுத்துத் தொலைத்திருப்பேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு வந்தேன். என் கண்ணைத் துடைக்க அங்கே ஆள் இல்லை.

அந்த வாரமே டி.சி. வாங்கியாயிற்று. என்னைச் சேர்க்கிறபோது ஷிப்ட் போய்விடும் என்று வராத அப்பா, எடுக்கிறபோது முதலாளி வேனில் மேனேஜரோடு வந்து இறங்கினார்.

ஆபீஸில் பேன் ஓடியது, அது உண்மைதான். அட்டைப்பெட்டிகளுக்கு ஒட்டுகிற சீட்டில் நாடு, சைஸ், கலர் எழுதுவது என் வேலை. சூரியகாந்திப் பூ டி-சர்ட் பெட்டி பெட்டியாகப் போயிற்று. ஜெர்மனியில் என் வயதுப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு எங்கெங்கே போய் உட்காருவார்கள், யார் தோளில் கை போடுவார்கள் என்று எழுதிக்கொண்டே நினைப்பேன். நினைத்தால் எழுத்துக் கோணும். மேனேஜர் வைவார்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை அமராவதி ஆபீஸுக்கு வந்தாள். கூட மூன்று பெண்கள். எல்லாம் அந்தப் பின் பெஞ்சு. ஊட்டிக்கு வகுப்போடு டூர் போகிறார்களாம்.

"எல்லாரும் ஒரே மாதிரி டி-சர்ட் போடறோம் தெய்வா. டீச்சர்களே சொல்லிட்டாங்க. எங்கப்பா நம்ம கம்பெனிலயே எடுத்துக்கச் சொல்லிட்டாரு" என்றாள். முகம் பூரித்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

நான் சைஸ் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் தாவணிக்கு மேலே வைத்து வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

"உனக்கென்ன தெய்வா, அஞ்சு மணி ஆனா வேலை முடிஞ்சுது" என்றாள் அமராவதி. "எங்களுக்குத்தான் டெஸ்டு, அசைன்மென்டுன்னு நேரமே இல்ல."

அவள் குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"நீயும் ஒண்ணு எடுத்துக்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

எத்தனை சுலபமாக வந்தது அந்த வார்த்தை! புங்கமரத்தடியில் நான் கெஞ்சினது இதே வார்த்தைக்குத்தான். அன்றைக்கு வராத வாய் ஒரு துண்டு பனியனுக்கு வந்துவிட்டது.

"அப்பாகிட்டச் சொல்ல இப்ப உனக்கு வாய் வருதா, அமராவதி?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகவே கேட்டேன். பேக்கிங் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மூன்று பெண்களும் சட்டையைக் கீழே இறக்கினார்கள். அமராவதிக்கு முகம் செத்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது. சொல்லப்போகிறாள், இப்போதாவது சொல்லப்போகிறாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏம்புள்ள, அம்மிணியப் பேரச் சொல்லியா கூப்புடறே? எங்கிருந்து வந்துச்சு இந்தத் திமிரு?"

அமராவதி தரையைப் பார்த்தாள். "உடுங்க, பரவால்ல" என்றாள் மெதுவாக. என்னை மன்னித்துவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"அம்மிணியப் பேரச் சொல்லிக் கூப்புட்டியாமா?" என்றார்.

நான் என்ன கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை. கம்பெனியிலும் யாரும் கேட்கவில்லை. அத்தனை பேர் நடுவில் நான் கேட்ட கேள்வியில் பெயர் மட்டும்தான் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. அப்பா முதலாளி வீட்டுக்குப் போய்ப் புறவாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்த தடவை அவள் வந்தபோது "வாங்க அம்மிணி" என்றேன். அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். சொல்வதற்கு முன்னால் நாக்கு அறுந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சாதாரணமாக வந்தது. அவளைக்கூட மன்னித்துவிடலாம், அத்தனை சாதாரணமாக அது என் வாயில் வந்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.