ஒரு தாளுக்கு ஒரு விசயம்

...இன்னும் நிமிரவில்லை, என் தாள்மேல்தான் கண், பலகை என்று எழுதிய இடத்தில் விரல் நிற்கிறதே, அதுவும் தப்போ, செயலாளர் கலியாணசுந்தரம் கண்ணாடியைத் தள்ளித் தள்ளிப் படிக்கிறார், காஜா பேராங் தெருவில் ஒரு கடை மாடியில் எங்கள் சங்க அறை, மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் காய்ந்து சன்னலில் உரசுகிறது. ஆற்றில் தொங்காங் படகிலிருந்து மூட்டை இறக்குகிற எங்களுக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு, அங்கத்தினர் எவனும் திருத்தம் எழுதித் தரலாம், இவர் பார்த்து, கமிட்டி கை தூக்கினால் புத்தகத்தில் ஏறும், முதலாளியின் கணக்கெழுதும் கிராணியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்... நாற்பது வயதில் எழுத்துக் கூட்டியவன் நான், முதல் தடவை மூன்று விசயத்தை ஒரே தாளில் எழுதினேன், ஆறு வற்றினால் படகிலிருந்து கரைக்குப் போடும் பலகை செங்குத்தாகிறது, ஒற்றைப் பலகை கூடாது, இரண்டைச் சேர்த்துக் குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும், மழையில் இறக்கக் கூடாது, பத்து மணிக்குத் தேத்தண்ணி. “யோவ் நல்லையா, இது திருத்தமா, கல்யாண விருந்தா? எல்லாத்தையும் ஒரே எலையில கொட்டியிருக்க! ஒரு தாளுக்கு ஒரு விசயந்தான்லா. எது மொதல்ல வேணும், நீயே பாத்து எழுது.” என்றார் செயலாளர், எல்லாரும் சிரித்தார்கள், என்னோடு மூட்டை தூக்கும் கணேசமூர்த்திதான் பெரிசாகச் சிரித்தான், படியிறங்கும்போது தோளில் கைபோட்டு, “பலகைய எழுதுண்ணே, நேத்துகூட கால் வழுக்கிருச்சு” என்றான்... சொன்னானே, காதில் விழுந்ததே.

தேத்தண்ணியை எழுதினேன். பலகை என்றால் கிராணி முரண்டுவான், கமிட்டி இழுக்கும், தாள் மறுபடி திரும்பி வரும், இது சுளுவாக ஏறும்... ஏறியது, ஒரே மாதத்தில், பதினேழாவது விதி, அடியில் என் பெயர், ஆள் இல்லாதபோது வந்து புத்தகத்தைத் திறந்து அதை விரலால் தடவினேன், பலகை அப்புறம், அடுத்த மாதம், அதற்கும் அடுத்த மாதம்... போன செவ்வாய் ஆறு வற்றிக் கிடந்தது, அரிசி மூட்டையோடு கணேசமூர்த்தி பாதி ஏறியிருப்பான், பலகை புரண்டது, அவன் கீழே, மூட்டை மேலே, சேற்றிலிருந்து இழுத்தபோது மூச்சில்லை, கரையில் தேத்தண்ணி வாளி வந்து நின்றது, மணி பத்து, விதிப்படி.

செயலாளர் இப்போதுதான் நிமிர்கிறார், இந்தத் தாளில் பலகை மட்டும்தான். “சரியா இருக்கு, நல்லையா. ஒரு வரிகூட மாத்த வேணாம். இன்னிக்கே கை தூக்கிருவாங்க. பேர எழுது.”

பேனாவை நீட்டுகிறார்... கிராணி முரண்டுவான் என்று யார் சொன்னது, அவனிடம் யார் கேட்டோம், நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதானே, அப்படியென்றால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது தேத்தண்ணியா, அதன் அடியில் இருந்த அந்தப் பெயரா... பேனாவை வைத்த இடத்தில் மை ஊறிப் பரவுகிறது, இவர் ஏன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்...